மச்சுப் பலகையின் பூர்வீகம்

திண்டுக்கல்லில் பழைய மச்சு வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்றால், சுவர் விழும் முன்பே மரத்துக்கு விலை பேசிவிடுவார்கள். ஆணி பிடுங்கிய பலகைகள் பழைய மரக்கடைக்கு வரும்போது அடுப்புப் புகையும் சுண்ணாம்பும் ஏறிக் கறுத்திருக்கும். என்ன மரம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பர்மா தேக்கு."

அதைச் சோதிக்க மேல்நிறம் உதவாது. வெயிலும் எண்ணெயும் வார்னிஷும் எந்த மரத்தையும் பழுப்பாக்கிவிடும். பலகையின் வெட்டுமுனையைப் பார்க்க வேண்டும். கூரான உளியால் அங்கே மெல்லிசாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தால் உள்கட்டு தெரியும். தேக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், போகப்போகச் சிறுக்கும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை. சீவிய இடத்தில் பழைய தோலின் வாசனை. வேங்கை அதைவிடக் கனம். அதன் வைரப்பகுதிச் சீவலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நீர் மஞ்சள் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீலம் மினுங்கும். வேங்கையைத் தேக்கென்று சொன்னவரின் குட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் வெளிப்பட்டுவிடும்.

ஆனால் லென்ஸில் தேக்கு என்பதுதான் தெரியும், பர்மா தெரியாது. பர்மாவில் வளர்ந்ததும் நம் ஆனைமலையில் வளர்ந்ததும் ஒரே இனம். துளைகளைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது.

பர்மா மரமானால் அது வந்த வழி நீண்டது. காட்டில் நிற்கும்போதே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் வெட்டி, இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்த மரத்தை வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுப்பார்கள். மழைவெள்ளத்தில் அது ஐராவதியைச் சேரும். அங்கிருந்து தெப்பமாக ரங்கூன், பிறகு கப்பலில் வங்கக்கடல். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் இப்படி வந்த தேக்குதான் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களாகவும் உத்தரங்களாகவும் நிற்கிறது. 1875இல் திருச்சி–மதுரை ரயில் திண்டுக்கல் வழியாக ஓடத் தொடங்கியது. அதன்பின் உள்ளூருக்குக் கனமான சரக்கு வருவதும் எளிதானது.

ஆனைமலை மரமானால் வழி குறுகியது. டாப்சிலிப்பில் மலைச்சரிவில் சறுக்கிவிட்ட கட்டைகள் அடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து சமவெளிக்குப் போயின.

இரண்டில் எது என்று தெரியாமலே "பர்மா" என்ற பேருக்குக் கூடுதல் விலை கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நல்ல தேக்கு எங்கே வளர்ந்தாலும் நல்ல தேக்கே. இனத்தில் சந்தேகம் இருந்தால், மாதிரித் துண்டை ஆராய்ந்து சொல்லும் வசதி பெங்களூரிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருக்கிறது.

ஊர்க்கதை மட்டும் வீட்டுக்காரரிடம்தான் கிடைக்கும். வீட்டை இடிக்கும் முன், எந்தத் தெரு, எந்த வருடம் கட்டியது, மரம் எங்கே வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு, பலகையின் பின்புறம் பென்சிலால் எழுதிவிட்டு விற்றுவிடுங்கள்.