தமிழ் எண்ணும் பூச்சியமும்

படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்துக் கணக்கோலைகள் இன்றும் பெட்டியடியிற் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் வவுணதீவில் எம் மாணவனொருவன் அத்தகைய ஓலையொன்றைக் கொணர்ந்தான். அதில் ௨௱௫ எனப் பொறித்திருந்ததை அவன் இருபத்தைந்து மரைக்கால் நெல் என்று படித்தான். இடையே நின்ற குறியை ‘ள’ போன்றதோர் எழுத்தெனக் கருதி விட்டுவிட்டான். அக்குறி நூறு ஆகும். கடன் கொடுத்த நெல் இருநூற்றைந்து மரைக்கால். நூற்றெண்பது மரைக்கால் அவன் வாசிப்பிலே மறைந்துபோயிற்று!

அவனைக் குறைகூறுதல் தகாது. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள தமிழ் இலக்கங்களை அவன் அறிந்திருந்தான். அவற்றை எழுத இரு முறைகள் உண்டென்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

பழைய முறை பேச்சைப் பின்பற்றியது. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என எழுதினர். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து என்று வாய் சொல்லும் ஒழுங்கிலேயே கையும் எழுதிற்று. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால், இல்லாத இடத்தை நிரப்பப் பூச்சியம் வேண்டியதில்லை. இருநூற்றைந்திற் பத்து இல்லை. ஆகவே பத்துக்குறியும் இல்லை. அவ்வளவே. கணக்கோ பெரும்பாலும் மனத்திலே நிகழ்ந்தது. எண்சுவடியை மனனஞ் செய்தவனுக்கு ஓலை விடையைக் குறித்துவைக்கும் இடம் மாத்திரமே. எனவே, பூச்சியமில்லாத முறையைக் குறைபாடுடையதென இகழ்வோருடன் யாம் உடன்படோம்.

இடத்தால் மதிப்புப் பெறும் தசம முறையும் இந்தியாவிலே தோன்றியதுதான். குவாலியரில் 876 ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270, 50 என்னும் எண்கள் பூச்சியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளன. அரபியர் வழியாக மேற்கே சென்ற இம்முறையை இத்தாலியரான பிபொனாச்சி 1202 இல் தம் நூலில் விளக்கினார். ஆயினும் 1299 இல் புளோரன்சு நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் அவ்விலக்கங்களை விலக்கிற்று. புதிய எண் எங்கும் முதலில் ஐயத்துடனேயே வரவேற்கப்பட்டது போலும். தமிழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுநூல்கள் பழைய இலக்கங்களையே தசம முறையில் அடுக்கத் தலைப்பட்டன. பின்னர் 1, 2, 3 என்பனவே வழக்கில் நிலைத்தமையால் இவ்விரு முறைகளின் வேறுபாடு பலருக்கு மறந்துபோயிற்று.

கணினி வந்தபின் அவ்வேறுபாடு மீண்டும் தலைதூக்கிற்று. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலே தமிழுக்கு ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் என்னும் குறிகளும் இடம்பெற்றன. பூச்சியத்துக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டது. பழைய முறையை நோக்கின் அது பிழையன்று. ஆனால் ௧௦ என எழுத விரும்புவோன் யாது செய்வான்? 2005 இல் தமிழ்ப் பூச்சியம் சேர்க்கப்பட்டது. 320 இல் ஒரு பங்காகிய முந்திரி, 80 இல் ஒரு பங்காகிய காணி முதலிய கீழ்வாயிலக்கக் குறிகள் 2019 வரை காத்திருந்தன.

பூச்சியம் வந்ததனால் பழையது நீங்கவில்லை. கடிதத்திலோ பட்டியலிலோ எண்ணைத் தானே நிரப்பும் வார்ப்புருவுக்கு, பத்தை ௰ என எழுதுவதா ௧௦ என எழுதுவதா என்பதை வெளிப்படச் சொல்லவேண்டும். ஆதலின் கணினி மரபுத் தரவுகளில் இரண்டும் வெவ்வேறு எண்முறைகளாகவே பெயரிடப்பட்டுள்ளன. இது மிகத் தக்க முடிபாகும். ஒன்றை மற்றொன்றன் திருத்தமாகக் கொண்டிருப்பின், ஓலைகளைப் பெயர்த்தெழுதுவோர் ௨௱௫ ஐ ௨௦௫ என மாற்றிவிட்டு, மூலத்தில் யாது இருந்ததென்று அறியவொண்ணாது செய்திருப்பர்.

அம்மாணவன் ஓலையிலுள்ளவாறே ௨௱௫ என்று கொப்பியில் எழுதி, அருகே 205 எனக் குறித்துக்கொண்டான். ஓலையின் மறுபுறத்திற் கீழ்வாயிலக்கங்கள் சில உள. அவற்றுள் ஒன்று காணி. எஞ்சியவற்றை இன்னும் படித்து முடிக்கவில்லை.