விழுப்புர எல்லையும் சிறுபொதிச் சுங்கமும்

சுங்க வரலாறு எழுதப் புகுவோர் துறைமுகங்களையும் மரக்கலங்களையும் முன்னிறுத்துதல் பெருவழக்கு. நம் இலக்கியச் சான்றுகளும் அவ்வழியே நம்மை ஈர்க்கின்றன. திருக்குறள் உல்குபொருளை வேந்தற்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கங் கொள்வோர் பண்டப்பொதிகளின்மீது புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முதற் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். எனினும், வணிகரல்லாத எளியோர் கைக்கொண்டு சென்ற சிறுபொதி சுங்கத்தால் என்ன பாடுபட்டது என்னும் வினாவிற்கு இவற்றில் விடையில்லை. அவ்விடையைத் தேடுதற்குரிய நிலப்பகுதியாக விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை ஈண்டு ஆராய்வோம்.

விழுப்புரத்தினின்று கிழக்கேயும், திண்டிவனத்தினின்று தென்கிழக்கேயும் செல்லும் சாலைகள் புதுச்சேரியை அடைவன. விழுப்புரம்-புதுச்சேரி இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. பிரெஞ்சியர் ஆண்ட நிலமோ ஒரே பரப்பாக அமையவில்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலிய பகுதிகள் சிதறிக் கிடக்க, இடையிடையே ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட ஊர்கள் இருந்தன. இருபாலும் மொழி ஒன்று. கொள்வினை கொடுப்பினையும் ஒன்று. கடல்வாயிலில் நிற்றற்குரிய சுங்கம் இங்கு வயலுக்கும் வயலுக்கும் இடையே நின்றது.

1878-ஆம் ஆண்டுக் கடற்சுங்கச் சட்டத்தோடு 1924-ஆம் ஆண்டு நிலச்சுங்கச் சட்டமும் சேர்ந்தது. அயல்நாட்டு நில எல்லையைக் கடக்கும் பொருள், தீர்வைக்குரியதாயினும் அன்றாயினும், அதற்கு எழுத்து வாயிலாக விண்ணப்பித்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் பொதுவிதி. இதனால் சுங்கச்சுமை இருவகைத்து என்பது புலனாகும். ஒன்று தீர்வை, அது பொருளின் மதிப்பிற்கேற்ப ஏறியிறங்கும். மற்றொன்று நிற்றல், அவிழ்த்துக் காட்டல், விண்ணப்பித்தல் ஆகிய தொல்லை. அது நூறு பொதிக்கும் ஒரு பொதிக்கும் ஏறத்தாழ ஒரேயளவினது. வணிகன் அதனை நூறு பொதிகளுக்குப் பகிர்ந்துகொள்வான். மகளுக்குச் சீர்வரிசை கொண்டு செல்வோன் ஒரு பொதியின்மேலேயே சுமப்பான். ஆகவே, சட்டம் பொதுவாயினும் சுமை பொதுவன்று.

எல்லையிற் பொருள் மட்டுமன்றிக் கருத்தும் தடுக்கப்பட்டது. பாரதியார் 1908-இல் புதுவை சேர்ந்த பின்னர் ‘இந்தியா’ வார இதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அதன் வரவைத் தடுத்தமையால் 1910-இல் இதழ் நின்றது. இதழ்க்கட்டும் ஒரு சிறுபொதியே என்பதை நாம் மறத்தலாகாது.

1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியத்தால் இவ்வெல்லைத்தடை தளர்ந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1949-இல் அவ்வொன்றியத்தை முடிவுறுத்தவே, சுங்கவேலி மீண்டும் எழுந்தது. பிரெஞ்சு அரசை நெருக்குதற்கு அது ஒரு கருவியாயிற்று. அதன் அழுத்தத்தை நாள்தோறும் உணர்ந்தோர் எல்லையோரச் சிற்றூர் மக்களே. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் அம்மாற்றம் சட்டமுறையில் நிறைவுற்றது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் முற்கூறிய இரு சட்டங்களையும் நீக்கி அவற்றினிடத்தைப் பெற்றது.

வேலி மறைந்தும் வினா மறையவில்லை. அயல்நாட்டு உறவினர் அனுப்பும் சிறுமதிப்புப் பரிசுப்பொதிக்கு இருந்த தீர்வைவிலக்கை இந்திய அரசு 2019 டிசம்பரில் நீக்கியபோது, உயிர்காக்கும் மருந்திற்கும் இராக்கிக் கயிற்றிற்கும் மட்டும் விலக்களித்தது. உறவின் பொதி வேறு, வாணிகப் பொதி வேறு என்னும் உணர்வு அக்கயிற்றளவிலேனும் எஞ்சியது எனலாம்.

உடன்படிக்கைகள் ஆவணக்களரிகளில் உள்ளன. அனுமதிச்சீட்டுகளோ, எஞ்சியிருப்பின், வீட்டுப் பரண்களிலேயே கிடைத்தல் கூடும். 1954-இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர்தம் வாய்மொழியையும் அச்சீட்டுகளையும் ஆய்வு மாணவர் விரைந்து தொகுப்பாராயின், சிறுபொதியின் பக்கமிருந்து எழுதப்பெறும் சுங்க வரலாறு தமிழுக்குக் கிட்டும்.