நாஞ்சில் நாட்டுப் பெருவழியும் பொறி ஊர்திகளும்

நாஞ்சில் நாடு என வழங்கும் பகுதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களைத் தன்னகத்தே கொண்டது. வயலும் மலையும் கடலும் அணித்தணித்தே அமைந்த இச்சிறு நாட்டின் கோயில்களும் கல்வெட்டுகளும் அறிஞர் பலரால் நன்கு ஆராயப்பெற்றுள்ளன. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையார் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டனர். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்கள் அவற்றைத் தேடித் திரட்டி ஆராய்ந்தார்கள். கே. கே. பிள்ளையவர்கள் சுசீந்திரம் கோயிலைப் பற்றிய தம் பெருநூலை 1953இல் வெளியிட்டார்கள். கல்லின் வரலாறு இவ்வாறு விளக்கம் பெற்றிருக்க, எஞ்சினும் மோட்டார் வண்டியும் மின்விசையும் இந்நாட்டிற் புகுந்த வரலாறு அத்துணைக் கருத்துடன் நோக்கப்பெறவில்லை.

பொறி ஊர்திகள் வந்தபின் பழைய வழிகளும் ஊர்களும் சிறப்பிழந்தன என்பது பொதுவாக நிலவும் கருத்து. நாஞ்சில் நாட்டிற்கு இக்கருத்துப் பொருந்தாது என்பதும், இங்கு மோட்டார் வண்டி பழம்பெருவழியையே பற்றிச் சென்றது என்பதும், இரயில் காலந்தாழ்த்து வந்தமையே அதற்குத் தலையாய காரணம் என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாம்.

பழம்பெருவழி

மேற்குத் தொடர்ச்சி மலை தென்முனையில் தாழ்ந்து இடைவெளிவிடும் இடம் ஆரல்வாய்மொழி. ஆங்கிலேயர் பதிவுகளில் இது ‘ஆரம்போலி’ எனக் காணப்படும். பாண்டி நாட்டிலிருந்து மேற்கே வருவார்க்கு இக்கணவாயே இயல்பான நுழைவாயில். இதனைக் கடந்து வரும் வழி கோட்டாற்றை அடையும். அங்கிருந்து ஒரு கிளை சுசீந்திரம் வழியாகக் குமரிமுனைக்கும், மற்றொரு கிளை பத்மநாபபுரத்தை ஒட்டித் திருவனந்தபுரத்திற்கும் செல்லும்.

இவ்வழியின் தொன்மைக்குச் சான்றுகள் பல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான தாலமி குறிக்கும் ‘கொட்டியாரா’ என்னும் நகரத்தைக் கோட்டாறு எனக் கொள்வர் ஆராய்ச்சியாளர். சோழர் ஆட்சியில் இவ்வூர் மும்முடிச் சோழநல்லூர் எனப் பெயர் பெற்றது. முதற் குலோத்துங்கன் காலத்தில் இங்கு நிலைப்படை ஒன்று நிறுத்தப்பெற்றது. படை நிற்கும் இடம் வழிகள் கூடும் இடமாதல் இயல்பன்றோ! மிகப் பிற்காலத்தில், 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை ஒடுக்க வந்த கும்பினிப் படை, ஆரல்வாய்மொழி அரணைத் தாக்கிப் பிடித்த பின்னரே கோட்டாற்றையும் உதயகிரியையும் அடைய முடிந்தது. சோழர் காலத்தில் கோட்டாற்றுக்கு இருந்த சிறப்பும் 1809இல் இக்கணவாய்க்கு இருந்த சிறப்பும் ஒரே வழியினால் விளைந்தவை.

அரசரும் பொறியும்

மோட்டார் வண்டிக்கு முன்னரும் பொறிகள் இந்நாட்டினர்க்கு முற்றும் புதியன அல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர்ப் படை வென்றது. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவருள் ஒருவராக உயர்ந்தார். அவர் மேற்பார்வையில் உதயகிரிக் கோட்டை புதுக்கப்பெற்று, அதனுள் பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அமைந்தது. 1777இல் மறைந்த அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருத்தல் தமிழாராய்வார் நோக்கத்தக்கது. அணித்தே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மணிமாளிகையில், எடை கீழிறங்கும் விசையால் இயங்கும் கடிகாரம் உண்டு. நாகர்கோவிலில் 1820ஐ ஒட்டி இலண்டன் மிஷனைச் சார்ந்த சார்லஸ் மீடு அச்சகம் நிறுவினார்.

இம்மூன்றும் பொறிகளே. எனினும், உலைக்களம் படைக்கும், கடிகாரம் அரண்மனைக்கும், அச்சகம் மிஷன் பணிக்கும் உரியனவாக இருந்தன. பொதுமக்கள் நாள்தோறும் ஏறிப் பயன்கொண்ட முதற்பெரும் பொறி மோட்டார் வண்டியே.

இரயிலுக்கு முந்திய மோட்டார்

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இரயிலே முதலில் வந்தது. திருநெல்வேலிக்கு 1876இல் இரயில் வந்துவிட்டது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்கு 1904இலும், அங்கிருந்து திருவனந்தபுரத்திற்கு 1918இலும் இருப்புப்பாதை எட்டியது. கிழக்கே திருநெல்வேலியும் வடமேற்கே திருவனந்தபுரமும் இவ்வாறு இரயில் பெற்றிருக்க, இடைப்பட்ட நாஞ்சில் நாடு நெடுங்காலம் இருப்புப்பாதையின்றியே இருந்தது. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிப் பாதை 1979இலும், திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981இலுமே திறக்கப்பெற்றன. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தமை காண்க.

இவ்விடைவெளியை நிரப்பியது மோட்டார். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிற்று. இலண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து அழைக்கப்பெற்ற சால்ட்டர் என்பார் அதற்குக் கண்காணிப்பாளர் ஆனார். காமர் நிறுவனத்தின் அடிச்சட்டமும் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினும் கடல்கடந்து வந்தன. வண்டியின் மேற்கூடு திருவிதாங்கூரிலேயே கட்டப்பெற்றது. அரசு முதற்கண் மேற்கொண்ட தடங்களுள் திருவனந்தபுரம்–நாகர்கோவில், நாகர்கோவில்–கன்னியாகுமரி ஆகியன அடங்கும். மைலுக்கு அரைச் சக்கரம் கட்டணம் என்பர். சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயத்தின் பெயர். உருளும் வண்டிக்கு உரிய கூலியும் ‘சக்கரம்’ என்னும் பெயராலேயே அளக்கப்பெற்றது சொல்லாராய்ச்சியாளர்க்குச் சுவை தருவதொன்றாம்.

இனி, இதன் விளைவைக் காண்போம். இரயில், தனக்கென ஒரு பாதையை வெட்டிக்கொள்ளும் இயல்புடையது. அது கிளைவிடும் இடங்களில் புதிய நகர் எழும். அரக்கோணமும் விழுப்புரமும் சந்திப்பு நிலையங்களாலேயே பெருகிய ஊர்கள். மோட்டார் வண்டியோ இருக்கின்ற சாலையிலேயே ஓடும். ஆகவே, படையும் வணிகரும் அடியாரும் நடந்த வழியே டீசல் வண்டியின் வழியும் ஆயிற்று. சுசீந்திரத்தின் கிழக்குக் கோபுரத்திற்கு 1545இல் அடிக்கல் இடப்பெற்று, பணி நெடுங்காலம் தடைப்பட்டு, 1888இல்தான் முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 134 அடி உயர்ந்த அக்கோபுரம் நிறைவெய்திய ஐம்பதாம் ஆண்டில் அரசுப் பேருந்து அதன் அருகே ஓடத் தொடங்கிற்று. ஊரின் நிலையில் மாற்றமில்லை. வருவோர் தொகை மட்டுமே பெருகிற்று.

நாகர்கோவிலின் வளர்ச்சியும் இதற்குச் சான்று பகரும். பழைய கோட்டாறு, வடசேரி முதலிய ஊர்கள் ஒன்றோடொன்று இணைந்தே இந்நகர் உருவாயிற்று. பேருந்து நிலையங்கள் வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் அமைந்தன. பின்னாளில் வந்த இரயிலுக்குரிய சந்திப்பு நிலையமும் கோட்டாற்றை ஒட்டியே அமைந்தது. பிற இடங்களில் நகரம் நிலையத்தை நோக்கி நகர்ந்தது. ஈண்டோ நிலையமே நகரத்தைத் தேடி வந்தது எனலாம்.

மோட்டார் வண்டி எல்லா நாடுகளிலும் பழைய சாலைகளிலேதானே ஓடிற்று, நாஞ்சில் நாட்டிற்குத் தனிச்சிறப்பு யாது எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா நேரிதே. பிற இடங்களில் மோட்டார் வருவதற்கு முன்பே இரயில் வணிகத்தின் போக்கைத் திருப்பிவிட்டது. மோட்டார் அதற்குத் துணையாகவே அமைந்தது. இங்கு அங்ஙனம் திருப்புதற்கு இரயில் இல்லை. வேறுபாடு இதுவே.

நீரும் காற்றும்

மின்விசையின் வரலாற்றிலும் இத்தொடர்ச்சி புலனாகும். திருவனந்தபுரத்தில் 1929இல் மின்நிலையம் எழுந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இவை இரண்டும் நாஞ்சில் நாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இம்மாவட்டத்து நீரோ நெடுங்காலம் வேளாண்மைக்கே பயன்பட்டது. பொன்மனையை அடுத்த பாண்டியன் அணை அம்மன்னர் மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906இல் நிறைவுற்றது. அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அவ்வணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். வயலுக்குப் பாய்ந்த அக்கோதையாற்று நீரே, 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுடைய இரு நிலையங்களால் 1970, 1971 ஆண்டுகளில் மின்விசையும் தரலாயிற்று.

காற்றின் கதை இதனினும் வியப்புடையது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் இடைவெளியில் குவிந்து விரைந்து வீசும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகள் 1990களில் பெருகியமைக்கு இதுவே ஏது. மலை தாழ்ந்திருப்பதனால் படைகள் புகுந்தன. மலை தாழ்ந்திருப்பதனாலேயே காற்றும் புகுகின்றது. இடிந்த பழைய அரண்சுவரும் உயர்ந்த காற்றாலைத் தூணும் ஒரே நில அமைப்பின் இருவேறு விளைவுகள் என்பதை உணர்வார்க்கு, பழமையும் புதுமையும் பகைப்பொருள்களாகத் தோன்றா.

எஞ்சிய கடமை

எனினும், கல்லுக்கும் பொறிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோயில் தன் வரலாற்றைத் தன் சுவரிலேயே பொறித்து வைத்துள்ளது. அறம் செய்தவன் பெயரும் நிலத்தின் எல்லையும் ஆண்டும் அங்கே உள்ளன. பேருந்து, ஓடி முடிந்தபின் பழைய இரும்பாக விலைப்படும். அதனை ஓட்டியவர், பழுது பார்த்தவர், மேற்கூடு கட்டிய தச்சர் ஆகியோரின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆதலின் அதற்கு முற்பட்ட ஆட்சிப் பதிவுகளைத் திருவனந்தபுரத்திலும், பிற்பட்டவற்றைத் தமிழ்நாட்டிலும் தேடுதல் வேண்டும். முன்னவற்றைப் பயில மலையாளமும் கொல்லம் ஆண்டுக் கணக்கும் தெரிந்திருத்தல் இன்றியமையாதது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் போற்றப்பெற்று வருகின்றது. எல்லை மாறியபோதும் அரண்மனைக்குக் காவலர் வாய்த்தனர். பயணச்சீட்டுக்கும் காலஅட்டவணைக்கும் பணிமனைக் குறிப்பேட்டுக்கும் அத்தகைய காவலர் யார்?

சக்கரக் கணக்கில் கட்டணம் கொடுத்தவர் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. இரயில் வருமுன் இச்சாலையில் வண்டி ஓட்டியவர் சிலரேனும் இன்னும் முதுமையில் உள்ளனர். அவர்தம் நினைவும், அவர் தொழிலில் வழங்கிய சொற்களும் எழுத்தில் ஏறுதற்கு உரிய காலம் குறுகியது. கல்வெட்டைப் படி எடுக்கும் அதே கவனத்துடன் இவற்றையும் முதுகலை மாணவர் திரட்டுவராயின், ஆரல்வாய்மொழிப் பெருவழியின் வரலாறு சோழர் படையோடு நின்றுவிடாமல் நம் காலம்வரை தொடர்ந்து எழுதப்பெறும்.