வலியை எழுதிய வேலூர்

வேலூர் வட்டாரத்துக் கிறிஸ்தவ எழுத்தின் வேர் மிஷனரிகளின் கடிதங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்துப் பின்னர் சென்னைக்கு வந்த ஜான் ஸ்கடர் அமெரிக்கச் சிறுவர்களுக்கு எழுதிய கடிதங்கள் நூலாயின. அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அக்காலத்து மிஷன் எழுத்தின் நோக்கம் ஒளிவுமறைவற்றது: கடலுக்கு அப்பாலுள்ள சபைகளின் மனதைக் கரைத்துக் காணிக்கை திரட்டுவது. அதில் இந்திய நோயாளி பெரும்பாலும் பெயரற்றவர், பரிதாபப்படுவதற்காகவே வந்துபோகிறவர்.

அந்த எழுத்தின் உச்சம் ஐடா ஸ்கடரின் கதை. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, ஜான் ஸ்கடரின் பேத்தி. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான தந்தையை அழைத்துப் போக மூவருமே மறுத்தார்கள். ஆண் மருத்துவர் உள்ளே வரக்கூடாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் மருத்துவமனை எழுந்தது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மும்முறை கதவு தட்டும் அமைப்பு நாட்டார் கதைக்கே உரியது. அதனால்தான் பிரசங்க மேடைகளில் அது அத்தனை தூரம் பரவியது. இறந்த பெண்களின் பெயர்கள் மட்டும் கதையில் வருவதேயில்லை.

டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கதைகளுக்கு நாவலின் நடையைத் தந்தார். மோசேயைப் பற்றிய நாவலால் ஏற்கெனவே அறியப்பட்டவர் அவர். ‘டாக்டர் ஐடா’ 1959இல் வந்தது. 1963இல் வந்த ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ மேரி வர்கீஸின் வாழ்க்கை. வேலூரில் பயின்ற இந்த மலையாளி மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பரிதாபத்துக்குரியவராக மட்டும் இருந்த நோயாளி, இங்கே முதன்மைப் பாத்திரமாகிவிட்டார்.

ஆனால் வலியையே சிந்தனைப் பொருளாக்கியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரிகளுக்கு 1914இல் பிறந்து, 1946இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முக்கியக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாததால் திரும்பத் திரும்ப ஏற்படும் காயமே என்று அவர் காட்டினார். செருப்பில் துருத்தும் ஒற்றை ஆணி போதும், உணர்வற்ற பாதம் புண்ணாகிவிடும். தோல் பதனிட்டுக் காலணி தைக்கும் ஆம்பூர்ப் பக்கத்தில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. வலி தண்டனையல்ல, காவல் என்ற முடிவு இங்கிருந்தே பிறந்தது.

அவருடைய எழுத்தின் உணர்ச்சி ஆழத்துக்கு ஓரிரவு நிகழ்ச்சியே சான்று. இங்கிலாந்தில் ஒருமுறை தன் குதிகால் மரத்திருப்பதை உணர்ந்து, தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நம்பினார். இரவு முழுவதும் தூக்கமில்லை. காலையில் ஊசியால் குத்திப் பார்த்தபோது வலித்தது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இன்னொரு முறை, தொழுநோயாளிகளிடையே கிறிஸ்துவின் கைகளைப் பற்றிப் பேசினார்: குழந்தையின் கை, தச்சனின் கை, கடைசியில் ஆணி பாய்ந்த கை. பேச்சு முடிந்தபோது, வழக்கமாக மறைத்து வைக்கும் மடங்கிய விரல்களை அவர்கள் கூப்பி உயர்த்தினார்கள்.

பிராண்டைப் பற்றி வில்சன் 1965இல் ‘டென் ஃபிங்கர்ஸ் ஃபார் காட்’ எழுதினார். அடுத்த ஆண்டே பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டார். வேலூர்ச் சிற்றாலயத்தில் அவர் ஆற்றிய உரைகளை வித்தாகக் கொண்டு, பத்திரிகையாளர் பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. தலைப்பு 139ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. 1984இல் அதன் தொடர்ச்சியும், 1993இல் வலியை வரம் என்று வாதிடும் நூலும் வந்தன. 2019இல் முதல் இரண்டும் ஒரே நூலாகத் திருத்தி வெளியிடப்பட்டன.