ஆரோக்கியப்பச்சை: காணிகளின் செடி

அகத்தியமலையின் ஈரக்காட்டில், பெருமர நிழலில், தரையை ஒட்டி வளரும் சிறு செடி ஆரோக்கியப்பச்சை. தாவரவியல் பெயர் ட்ரைக்கோபஸ் ஜெய்லானிகஸ். இலங்கையிலும் மலேயாவிலும்கூட இந்தச் செடி உண்டு. இதய வடிவ இலையையும் வலைநரம்பையும் பார்த்தால் இருவித்திலைத் தாவரம் என்றே தோன்றும். உண்மையில் வள்ளிக்கிழங்கின் உறவான ஒருவித்திலைத் தாவரம். கருஞ்சிவப்புப் பூக்கள் இலைக்குக் கீழே மறைந்து மலர்வதால் வழிப்போக்கர் கண்ணில் படுவது அரிது.

அங்கு வாழும் காணிப் பழங்குடியினருக்கு அது நெடுங்காலமாகத் தெரிந்த செடி. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு இந்த மலையில் ஏறியபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு பிஞ்சுக்காயை மென்றபடி களைப்பே இல்லாமல் நடந்தார்கள். களைத்துப்போன ஆய்வாளர்களும் வாங்கித் தின்றதும் தெம்பு வந்தது. அது எந்தச் செடி என்று சொல்ல இளைஞர்கள் முதலில் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது குல வழக்கம். வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள். பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில் காய்க்குக் களைப்பைப் போக்கும் தன்மையும், இலைக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் தன்மையும் தெரிந்தன. மனிதரிடம் விரிவான சோதனை நடக்காததால் இதன் மருத்துவப் பயனை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இலையே போதும் என்றானதால் செடியை வேரோடு பிடுங்க வேண்டியிருக்கவில்லை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இதனுடன் அசுவகந்தா, விஷ்ணுகிரந்தி, திப்பிலி சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசி ரூ. 10 லட்சமும் விற்பனையில் 2 சதவீதமும் தர ஒப்புக்கொண்டு, 7 ஆண்டுகளுக்குத் தயாரிப்பு உரிமம் பெற்றது.

இதில் பாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. அப்போது அப்படிப் பங்கு தரச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-இல்தான். பணத்தைப் பெறுவதற்காக 1997-இல் கேரளத்தில் காணி அறக்கட்டளை பதிவானது. 1999-இல் ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் அதன் கைக்கு வந்தது.

ஆனால் குல மருத்துவர்களான பிலாத்திகள் சிலர் 1995-லேயே எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்: தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்க யார் அனுமதித்தது? நியாயமான கேள்வி. இரண்டு மூன்று இளைஞர்கள் சொன்னது ஒரு குலம் முழுவதின் சம்மதம் ஆகிவிடாது. அந்த அறக்கட்டளையும் கேரளத்தோடு நின்றது. மலைக்கு இப்புறம், பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு குடியிருப்புகளில் வாழும் தமிழகக் காணிகள் அதில் இல்லை.

இலை கிடைப்பதிலும் சிக்கல் எழுந்தது. காட்டு நிழலுக்கு வெளியே வளர்த்த செடியில் சத்துக் குறைந்தது. காட்டுக்குள் பயிரிடவும் பறிக்கவும் வனத்துறை தடை சொன்னது. காணிகள் வளர்த்த இலை விற்பனையாகாமல் நின்றது. பின்னர் உரிமக் காலமும் முடிந்தது.