பிள்ளை யாருடைய சொத்து?

1913ஆம் ஆண்டு, சென்னை உயர்நீதிமன்றத்திலே ஒரு விந்தை வழக்கு! வழக்காடி வந்தவர் நாராயணையா; எதிர்த்து நின்றவரோ உலகப் புகழ் பெற்ற அன்னி பெசண்ட் அம்மையார். தந்தை கேட்டது பொன்னல்ல, பொருளல்ல. தாம் பெற்ற இரு பிள்ளைகளை!

தாயை இழந்த பிள்ளைகளுடன் அடையாற்றுப் பிரம்மஞான சங்கத்தை அண்டி வாழ்ந்தவர் நாராயணையா. அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியை, வரவிருக்கும் 'உலக குரு'வின் உறைவிடம் என்றனர் சங்கத்தார். தந்தையும் நம்பினார். 1910 மார்ச்சு 6ஆம் நாள், கிருஷ்ணமூர்த்திக்கும் தம்பி நித்தியானந்தத்துக்கும் அம்மையாரைக் காப்பாளராக்கிக் கையெழுத்திட்டார். 1912இல் பிள்ளைகள் இங்கிலாந்து சென்றனர். பின்னர் தந்தை விழித்தார், வழக்குத் தொடுத்தார். பக்தி போட்ட முடிச்சு! அவிழ்க்கச் சட்டத்தின் வாயிலுக்கன்றோ செல்ல வேண்டியதாயிற்று!

நீதிபதி பேக்வெல் தந்தைக்கே தீர்ப்பளித்தார். அம்மையாரின் மேல்முறையீடு அவ்வாண்டு அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சிலோ, 1914இல் அம்மையார் பக்கம் தீர்ப்பளித்தது. தந்தையின் காப்புரிமை எழுதிக் கொடுக்கும் சொத்தன்று, அது ஒரு பொறுப்பு. தந்த இசைவைத் திரும்பப் பெறலாம் என்றது. எனினும், பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கையில் செங்கற்பட்டு நீதிமன்றத்திலே தொடங்கிய வழக்கு செல்லாது. அவர்தம் விருப்பமும் அறியப்படவில்லை என்றது.

கேளுங்கள், தோழர்களே! பதினெட்டு வயதை ஒட்டிய பிள்ளைக்காகச் சென்னையிலே இரு தீர்ப்புகள். அவன் விருப்பம் என்னவென்று அறிந்தார் இல்லை! 1929இல் அதே கிருஷ்ணமூர்த்தி, தம்மைக் குருவாக்கிய 'விண்மீன் சங்க'த்தைத் தாமே கலைத்தார். ஊர் சுமத்திய தெய்வத்தன்மையை, உரியவரே உதறினார்!

பின்னர் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் நலனே முதன்மை என்றது. எனினும் தந்தைக்கு அடுத்தே தாயை வைத்தது. தந்தை உயிரோடிருக்கையிலும் தாய் காப்பாளராகலாம் என்று உச்சநீதிமன்றம் சொல்ல 1999 ஆயிற்று. குடும்ப நீதிமன்றங்களுக்கு 1984இல் சட்டம் வந்தது. அதன் தீர்ப்பை எதிர்த்து முப்பது நாளுக்குள் உயர்நீதிமன்றம் செல்லலாம். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, வாய்தாவும் உண்டு. கடந்துபோன குழந்தைப் பருவத்துக்கு வாய்தா உண்டோ?

எங்கள் சென்னிமலைத் தறியிலே பாவு மட்டும் போர்வையாவதில்லை, ஊடையும் வேண்டும். தாயும் தந்தையும் பிரியலாம்; பிள்ளையைப் பார்க்கும் வழியை ஒருவருக்கொருவர் அடைக்கலாமோ? பார்ப்பது பெற்றோர் பெறும் சலுகையன்று, பிள்ளையின் உரிமை. அவ்வுரிமைக்குக் குரல் கொடுப்போம்!