மெக்கன்சி சுவடிகளும் பட்டியல் எழுதியவர்களும்

செகந்திராபாத்தில் காகிதம், கணக்கு நோட்டு வியாபாரத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். ஒவ்வொரு மார்ச் மாதக் கடைசியிலும் கடையில் இருப்பு எடுப்போம். பையன் ஏணியில் ஏறி ஒவ்வொரு கட்டாகப் பெயர் சொல்லுவான். கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். கடைசியில் கையெழுத்துப் போடுவது மட்டும் நான். பட்டியலில் பெயர் என்னுடையது, ஆனால் சரக்கைப் பார்த்தவர்கள் அவர்கள் இருவரும்தான். சுவடிகளுக்குப் போட்ட பட்டியல்களின் சரித்திரமும் ஏறக்குறைய இதே கதைதான். அதை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

தென்னாட்டுச் சுவடி என்றாலே முதலில் சொல்ல வேண்டிய பெயர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754 வாக்கில் பிறந்தவர். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். 1792இல் மைசூர்ப் போர் ஒன்று முடிந்ததும் இந்த ஹைதராபாத் நிஜாமின் சீமைக்கு அனுப்பப்பட்டு, சில ஆண்டுகள் இங்கே நில அளவை செய்தார். நாம் தினமும் நடக்கிற மண்ணில் அவர் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார்!

இந்தியாவுக்கு வந்த முதல் பதின்மூன்று வருஷமும் அறிவுத் தேடலைப் பொறுத்தவரை வீணாகவே போயிற்று என்று மெக்கன்சி 1817இல் தம் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். பாஷை தெரியாதது ஒரு காரணம். 1796இல் காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குக் கதவு திறந்தது. போரய்யா ஏலூரைச் சேர்ந்த பிராமணர், பல மொழி அறிந்தவர். 1803இல் அவர் இளம் வயதிலேயே இறந்துபோக, தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். இவர்களுக்குக் கீழே பல பண்டிதர்கள் ஊர் ஊராகப் போனார்கள். தமிழ்ச் சீமைக்கு அப்பாவு என்பவர் போனார். கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள், ஏடுகளை வாங்கினார்கள், ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். இப்படி எழுதிய ஊர் வரலாறுகளுக்குத்தான் கைஃபியத்து என்று பெயர். கடப்பையில் உள்ள சி.பி. பிரௌன் ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக் கைஃபியத்துகளைத் தெலுங்கில் புத்தகமாகவே போட்டிருக்கிறது.

இங்கே என் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைதராபாத்தில் நான் ஜைனன் என்று சொன்னால், "மார்வாடியா? தமிழ் இவ்வளவு நல்லா பேசறீங்களே" என்பார்கள். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் நயினார் குடும்பம் ஐயா என்று விளக்க வேண்டியிருக்கும். சமணத்தை வெளியுலகம் தனிச் சமயமாக அறிந்துகொண்டதில் இந்தச் சுவடிக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. முத்கேரி என்ற ஊரில் ஒரு சமண குருவிடம் கேட்ட விவரங்களைப் போரய்யா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1807இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் அது அச்சானது. அதை எழுதிய போரய்யா அப்போது உயிரோடு இல்லை.

1816இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் தீட்டிய மெக்கன்சியின் படம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தாரிடம் இருக்கிறது. செங்கோட்டு அணிந்த மெக்கன்சியைச் சுற்றி நம்மவர் மூவர் நிற்கிறார்கள். ஒருவர் லட்சுமய்யா என்றும், தொலைநோக்கி பிடித்திருப்பவர் கிஷ்ணாஜி என்ற சேவகர் என்றும், கையில் ஏட்டுச்சுவடி வைத்திருப்பவர் தர்மய்யா என்ற சமணப் பண்டிதர் என்றும் குறித்திருக்கிறார்கள். தூரத்து மலையில் கார்களத்துக் கோமடேசுவரர் தெரிகிறார். இந்தப் படத்தை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. துரையின் படத்திலே ஏடு இருப்பது நம்ம பண்டிதர் கையில்!

மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக 1815இல் நியமனம் பெற்று, 1821 மே 8இல் காலமானார். அவருடைய சேகரிப்பைக் கம்பெனி அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் போட முன்வந்தவர் ஆசியக் கழகத்தின் செயலாளர் ஹொரேஸ் ஹேமன் வில்சன். 1828இல் அவருடைய விளக்கப் பட்டியல் இரண்டு பாகமாகக் கல்கத்தாவில் வந்தது. 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 2,159 மொழிபெயர்ப்புகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள் என்று கணக்கு போகிறது. எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

வில்சன் சமஸ்கிருதத்தில் பெரும் புலவர், சந்தேகமில்லை. ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவருக்குத் தெரியாது. அந்தச் சுவடிகளுக்கு மெக்கன்சியின் பண்டிதர்கள் எழுதிவைத்த ஆங்கிலச் சுருக்கங்களை வைத்துத்தான் பட்டியல் போட்டார். ஏணியில் ஏறியவர்கள் அவர்கள், அட்டையில் பெயர் இவருக்கு.

பட்டியல் போட்டவரையே முழுக்க நம்பலாமா என்றும் கேட்க வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கதை சொல்கிறேன். 1650களில் ருஷ்ய மன்னரும் திருச்சபைத் தலைவரும் அர்சேனி சுகானோவ் என்ற துறவியை அனுப்பி, ஆத்தோஸ் மலை மடங்களிலிருந்து ஏறக்குறைய 500 சுவடிகளை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் கிரேக்கச் சுவடிகள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1772இல் ஆசிரியராக அங்கே போன ஜெர்மானியர் கிறிஸ்டியான் மத்தேயி அவற்றுக்குப் பட்டியல் எழுதினார். அதன் முழு வடிவம் 1805இல் வெளிவந்தது. கிரேக்கம் நன்றாகத் தெரிந்தவர், ஒவ்வொரு சுவடியையும் தாமே படித்தவர். பயிர்த் தெய்வமான தெமெத்தர் மீது பாடிய பழைய துதி ஒன்று, உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, 1777இல் அவர் மூலமாகத்தான் வெளிப்பட்டது. ஆனால் மாஸ்கோ நூலகங்களிலிருந்து ஏடுகளைத் தாமே எடுத்துக்கொண்டார் என்ற பழியும் அவர் மேல் உண்டு. அந்தத் துதி இருந்த சுவடி இன்று ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் இருக்கிறது. இருப்பு எடுக்கிறவனே சரக்கை எடுத்தால் என்ன செய்வது? வியாபாரிகளுக்கு இது புரியும்.

நம் லட்சுமய்யாவின் கதை நேர்மாறானது. எஜமானர் இறந்த பிறகு, இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய அனுமதி தாருங்கள் என்று அவர் அரசாங்கத்திடம் விண்ணப்பித்தார். விஷயம் கல்கத்தா ஆசியக் கழகத்துக்குப் போயிற்று. அப்போது செயலாளராக இருந்தவர் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப். ஒரு இந்தியரால் இதைத் தலைமை தாங்கி நடத்த முடியாது என்பதே கழகத்தின் முடிவு. வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போனது. இருபது வருஷத்துக்கு மேல் ஏடுகளோடு இருந்தவர் வெளியே நின்றார்.

டெய்லர் உழைப்பாளி, அதை மறுக்கக் கூடாது. மை மங்கி, பூச்சி அரித்துக்கொண்டிருந்த ஊர் வரலாறுகளில் பலவற்றை மறுபடி எழுதிவைக்கச் செய்தார். 1857, 1860, 1862 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகமாக அவருடைய பட்டியல் சென்னையில் வந்தது. அந்தச் சுவடிகள்தாம் இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடிப்படைச் சொத்து.

பட்டியல் இருந்தும் படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் சுவடி பேசாது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க இறங்கியபோது, சமணக் கருத்துகள் புரியாமல் கும்பகோணத்து ஜைனர் வீடுகளுக்குத்தான் போனார். சந்திரநாத செட்டியார் முதலானவர்கள் பொருள் சொன்னார்கள். 1887இல் நூல் வெளிவந்தது. உதவியவர்களை ஐயரவர்கள் மறைக்கவில்லை, தம் வரலாற்றிலே பெயர் சொல்லி எழுதினார். பெரிய மனசு என்பது அதுதான்.

இனி என் வீட்டுக் கதை. என் பாட்டனார் வீட்டுப் பரணில் நாலைந்து ஏட்டுக் கட்டுகள் இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை சுருத பஞ்சமி அன்று இறக்கித் துடைத்து, எண்ணெய் தடவி, பூ வைத்துக் கும்பிடுவோம். தாத்தா மட்டும் கொஞ்சம் வாசிப்பார். அவருக்குப் பிறகு வாசிக்க ஆள் இல்லை. நான் பிழைப்புக்காக இங்கே வந்துவிட்டேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது, கரையான் அரித்துவிட்டது, மிச்சத்தை ஆற்றில் விட்டுவிட்டோம் என்றார்கள். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. நானும்தானே பார்க்காமல் இருந்தேன்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. என்ன போயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு நோட்டு விற்கிறவன், ஒரு அரைத் தாளில் "கட்டு 1, கட்டு 2" என்று எழுதி, தாத்தாவிடம் கேட்டுப் பெயர் போட்டிருக்கலாம். மெக்கன்சி சேகரிப்பில் காணாமல் போனதையாவது வில்சன் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியும். என் வீட்டு நஷ்டத்துக்குப் பெயரே கிடையாது.

ஆகவே அன்பர்களே, ஊருக்குப் போகும்போது பரணைப் பாருங்கள். ஏடோ, பழைய அச்சுப் புத்தகமோ, தாத்தாவின் கடிதக் கட்டோ, எதுவானாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாசித்துச் சொல்லக்கூடிய பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்படி எழுதும்போது, சொன்னவர் பெயரை முதலில் எழுதி, உங்கள் பெயரை அதற்குக் கீழே போடுங்கள். நோட்டு வேண்டுமானால் என் கடைக்கு வாருங்கள், அதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.